நான் வெட்டி எறிந்த வால்: பாதரசத்துக்குள் அழுத்த அலையை அளந்த அனுபவம்

தட்டைக் கழற்றி எடுத்தபோது அதில் பாதரசம் ஒட்டியிருப்பதாகத்தான் நினைத்தேன். உள்ளங்கையில் அடங்குகிற வட்டமான எஃகுத் தட்டு. முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றிக் கொடுத்திருந்தார்கள். இப்போது அதன் நடுப்பகுதி மட்டும் யாரோ மூச்சு விட்டதுபோல மங்கியிருந்தது. கையுறையோடு துணியால் துடைத்தேன், போகவில்லை. ஆல்கஹாலில் நனைத்து இன்னொரு தடவை துடைத்தேன். அப்படியே இருந்தது. நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. தட்டில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. எஃகுதான் அங்கங்கே இல்லாமல் போயிருந்தது.

சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றும் சுமார் 20 மைக்ரான் அகலம், தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஈர மண்ணில் கூழாங்கல்லை எறிந்தால் விளிம்பு சற்று மேலெழும்புமே, அதுபோல ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒரு கரை. சில இடங்களில் குழிக்கு மேல் குழி விழுந்து, எது முதலில் வந்தது என்றே சொல்ல முடியவில்லை.

அந்த நேரத்தில் என் கணினியில் 40,000 பதிவுகள் இருந்தன. அந்தத் தட்டின் மேல் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் ஒன்று. ஒவ்வொன்றையும் பார்த்திருந்தேன், சராசரி எடுத்திருந்தேன், அழகாக வரைபடமும் போட்டிருந்தேன். ஒன்றிலாவது இந்தக் குழிகளுக்கான தடயம் இல்லை. அது எப்படி நடந்தது என்பதையும், அதைத் தேடப் போய் வேறு என்னென்ன தவறுகள் அகப்பட்டன என்பதையும்தான் எழுதப்போகிறேன். இதுபோன்ற சோதனையில் புதிதாக இறங்குபவருக்குச் சில மாதங்கள் மிச்சமாகலாம்.

முதலில் இந்தச் சோதனை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். வேகமான புரோட்டான் ஒரு கனமான அணுக்கருவில் மோதினால் நியூட்ரான்கள் உதிரும். 1 கிகா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஒரு புரோட்டான் பாதரசத்தில் பாய்ந்தால் இருபதுக்கு மேல் கிடைக்கும். இதற்கு ஸ்பாலேஷன் என்று பெயர். புரோட்டான் கற்றை பாய்கிற பொருளை இலக்கு என்போம். இலக்கு திடப்பொருளாக இருந்தால் அதைக் குளிர்விப்பது பாடு, கதிர்வீச்சில் அது நாளாக நாளாக நொறுங்கவும் செய்யும். திரவ உலோகத்துக்கு அந்த இரண்டு கவலையும் கிடையாது. சூட்டை அதுவே எடுத்துக்கொண்டு ஓடிவிடும், நொறுங்குவதற்கு அதில் படிகம் என்று ஒன்று இல்லை. அதிலும் பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே திரவம், உருக்கி வைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜில் 2006இல் இயங்கத் தொடங்கிய எஸ்.என்.எஸ், ஜப்பானில் தோக்காயில் 2008இல் முதல் நியூட்ரானைத் தந்த ஜே-பார்க் என்ற இரண்டு நியூட்ரான் ஆய்வு நிலையங்களும் இந்தக் காரணங்களுக்காகத்தான் பாதரசத்தைத் தேர்ந்தெடுத்தன.

திரவத்துக்குக் கவலை இல்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் பாத்திரத்துக்குத்தான் எல்லாக் கவலையும்.

எஸ்.என்.எஸ்ஸில் புரோட்டான் கற்றை விட்டுவிட்டுத் துடிப்பு துடிப்பாக வரும். அது 1.4 மெகாவாட்டில், விநாடிக்கு 60 துடிப்புகளாக ஓடும்போது ஒரு துடிப்பில் சுமார் 23 கிலோஜூல் ஆற்றல் பாதரசத்தை நோக்கி வருகிறது. 23 கிலோஜூல் பெரிய விஷயமே இல்லை, ஒரு லிட்டர் தண்ணீரை 6 டிகிரிகூடச் சூடாக்கிவிட முடியாது. ஆனால் அது வந்து சேர எடுக்கும் நேரம் 0.7 மைக்ரோவிநாடி. பாதரசத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1450 மீட்டர். அப்படியானால் 0.7 மைக்ரோவிநாடிக்குள் ஒலி எவ்வளவு தூரம் போயிருக்கும்? ஒரு மில்லிமீட்டர். சூடான பாதரசம் விரிய வேண்டும், விரிவதற்குப் பக்கத்தில் இருப்பதைத் தள்ள வேண்டும், தள்ளப்படுகிறோம் என்ற சேதியே பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு அப்பால் போயிருக்காது. ஆக அது விரியாமலேயே சூடாகிவிடுகிறது. விரிய முடியாத சூடு அழுத்தமாகத்தான் மாறும்.

இந்த அழுத்தம் எவ்வளவு என்பதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். அடர்த்தி 13,550, அதை ஒலி வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 28 கிகாபாஸ்கலுக்குச் சற்று மேல். அதோடு வெப்ப விரிவுக் கெழு 0.00018ஐப் பெருக்கினால் ஒரு டிகிரிக்கு 5 மெகாபாஸ்கல் என்று வரும். ஒரே துடிப்பில் 7 டிகிரி ஏறினால் 35 மெகாபாஸ்கல். கடலுக்கடியில் மூன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது, விநாடிக்கு 60 முறை வந்துவந்து போகிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் போடச் சொல்வேன். ஒரு டிகிரிக்கு 5 என்பது மனதில் பதிந்துவிட்டால் எந்தக் கணினிக் கணக்கு தப்பாக வந்தாலும் உடனே உறுத்தும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு வலையும் இருக்கிறது, அதில் விழுந்தவன் நான். 35 என்ற எண்ணைப் பார்த்ததும் அந்த உச்சம்தான் பாத்திரத்தை உடைக்கும் என்று மனம் முடிவு கட்டிக்கொள்கிறது. எங்கள் சோதனைக் கருவியை நான் அமைத்ததே அந்த உச்சத்தை அளப்பதற்காகத்தான்.

கருவி சிறியது. நூறு மில்லிலிட்டர் பாதரசம் கொள்ளும் எஃகுக் கிண்ணம், உள்ளே 1.35 கிலோ பாதரசம். கிண்ணத்தின் அடிப்பக்கம்தான் சோதனைத் தட்டு. அதன் கீழே ஒரு மின்காந்தச் சுத்தியல். மின்தேக்கிகளில் சேர்த்து வைத்த மின்சாரத்தை ஒரு சுருளுக்குள் விட்டால் சுத்தியல் தட்டை விநாடிக்கு ஒருமுறை தட்டும். புரோட்டான் கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. நிஜ இலக்கில் பாதரசம் சுவரை அடிக்கிறது, இங்கே சுவர் பாதரசத்தை அடிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். முழுக்கச் சரியில்லை. சுத்தியலின் அடி ஒரு மைக்ரோவிநாடிக்குள் முடியாது, பத்துக்கணக்கில் இழுக்கும். ஆனாலும் அடிக்குப் பின் பாதரசம் இழுபடுவதைப் பார்க்க இது போதும். இந்த மாதிரி மேசைக் கருவிகளில்தான் பல வருடங்களாக இந்தச் சேதத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

தட்டின் பின்புறம் ஒரு ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியிருந்தேன், தட்டு நீள்வதையும் சுருங்குவதையும் மின்சைகையாக மாற்றித் தரும் சிறு உணரி அது. விநாடிக்கு 50 லட்சம் மாதிரிகள், 100 மைக்ரோவிநாடி நீளம். ஏன் 100? உச்சம் அதற்குள் வந்துவிட்டது. அதற்கு மேல் கோடு மேலும் கீழும் ஆடிக்கொண்டே நீண்டது. தட்டு மணியடித்த மாதிரி அதிர்கிறது, அதில் என்ன இருக்கப்போகிறது என்று வாலை வெட்டிவிட்டேன். கோப்பும் சிறியதாக இருந்தது, படமும் சுத்தமாக இருந்தது.

எங்கள் பட்டறையை ஒரு அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணம், சுத்தியல், தாங்கி எல்லாமே அவர் கடைந்து கொடுத்தவைதான். குழிகளைப் பார்த்து நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அன்று அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, போன வாரம் வோல்டேஜை ஏத்தினீங்கல்ல, அன்னையிலிருந்தே சத்தம் மாறிப்போச்சே. கவனிக்கலையா?"

"என்ன சத்தம் அண்ணே?"

"முதல்ல டொக்கு டொக்குன்னுதான் கேட்டுச்சு. ஏத்தினப்புறம் டொக்குக்குப் பின்னாடியே சிலீர்னு ஒண்ணு கேக்குது, கண்ணாடித் தூள் கொட்டுற மாதிரி. அது உங்க கோட்டுல எங்க இருக்கு?"

கோட்டில் எங்கேயும் இல்லை. நான்தான் வெட்டிவிட்டேனே.

அன்று மாலையே பதிவு நீளத்தை 20 மில்லிவிநாடிக்கு மாற்றினோம். அதாவது 200 மடங்கு. முதல் அடியிலேயே வந்துவிட்டது. உச்சம் எழுந்து அடங்குகிறது, தட்டு ஆடி ஓய்கிறது, கோடு ஏறக்குறைய படுத்துவிடுகிறது. அதற்குப் பின் மில்லிவிநாடிக் கணக்கில் கழித்து, யாரும் எதுவும் செய்யாதபோது, ஊசி ஊசியாக ஒரு கொத்து. மென்மையான ஆட்டத்தை வடிகட்டி எடுத்துவிட்டு உயர் அதிர்வெண்ணை மட்டும் பார்த்தால் அந்தக் கொத்து முதல் அடிக்கே சவால் விடுகிற மாதிரி நின்றது. வோல்டேஜைக் குறைத்தோம், கொத்து காணாமல் போனது. ஏற்றினோம், திரும்ப வந்தது. அண்ணன் காதால் கேட்டதை, மின்சைகையைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இப்போதுதான் பார்த்தது.

நடப்பது இதுதான். நெரிசலான ஒரு வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் முன்னாலிருப்பவரின் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். பின்னாலிருந்து ஒரு தள்ளு. தள்ளு ஆள் மாற்றி ஆள் முன்னே போகிறது. கடைசி ஆளுக்கு முன்னால் யாரும் இல்லை, அவர் வெளியே பாய்கிறார். பாய்கிறவரின் சட்டையைப் பிடித்திருப்பவர் இப்போது இழுபடுகிறார், அவருக்குப் பின்னால் இருப்பவரும் இழுபடுகிறார். தள்ளாகப் போனது இழுப்பாகத் திரும்புகிறது. இலக்கில் அந்தக் கடைசி ஆள் மெல்லிய எஃகுச் சுவர். எஸ்.என்.எஸ் பாத்திரத்தின் முகப்பில் அது 3 மில்லிமீட்டர்தான். அழுத்த அலை வந்ததும் சுவர் வெளிப்பக்கம் பாய்கிறது, பாதரசம் பின்னால் இழுபடுகிறது. திரவத்தைத் தள்ளலாம், இழுத்தால் அது கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் குமிழிகள் பிறக்கின்றன. இதைத்தான் கேவிட்டேஷன் என்கிறோம்.

அப்புறம் அந்தக் குமிழிகள் வளர்கின்றன. சாவகாசமாக வளர்ந்து, சுற்றியுள்ள அழுத்தம் மீண்டும் ஏறும்போது இடிந்து உள்ளே விழுகின்றன. தண்ணீரில் இப்படிக் குமிழி இடிந்தாலே கப்பலின் உந்துவிசிறி அரிக்கப்படுகிறது. பாதரசத்தில் நிலைமை இன்னும் மோசம். திரவம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம். குமிழிக்குள் மெத்தைபோல இருந்து அடியைத் தாங்க நீராவியாவது தண்ணீரில் கொஞ்சம் உண்டு, 20 டிகிரியில் 2.3 கிலோபாஸ்கல். பாதரச ஆவியோ அதே வெப்பநிலையில் ஒரு பாஸ்கலில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வெறும் வெற்றிடம் மாதிரிதான். சுவருக்குப் பக்கத்தில் இடிகிற குமிழி நேராக உருண்டையாகச் சுருங்காது. ஒரு பக்கம் உள்வாங்கி, ஊசிபோல ஒரு தாரை சுவரை நோக்கிப் பாயும். நான் துடைக்கப் பார்த்தது அந்தத் தாரைகள் குத்திய இடங்களை.

இந்தச் சேதம் பாதரச இலக்குகளுக்கு ஆபத்து என்பதே தாமதமாகத்தான் தெரியவந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் ஃபுதகாவாவும் அவருடைய குழுவும் ஒரு மோதல் கருவியில் பாதரசத்துக்கு அதிரடி அழுத்தம் கொடுத்துப் பார்த்தபோது உலோகப் பரப்பில் குழிகளைக் கண்டார்கள். அதற்குள் எஸ்.என்.எஸ் கட்டுமானம் தொடங்கிவிட்டது. உடனே அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் நிஜப் புரோட்டான் கற்றையிலேயே சோதித்தார்கள், அங்கும் குழிகள். சில நூறு துடிப்புகளிலேயே குழி விழுகிறது என்றால், விநாடிக்கு 60 என்ற கணக்கில் ஒரு நாளைக்கு 50 லட்சத்துக்கு மேல் வாங்குகிற பாத்திரத்தை என்னவென்று சொல்வது? அந்த நாட்களில் அந்த வடிவமைப்பாளர்களின் தூக்கத்தை நினைத்தால் எனக்கு என் 40,000 பதிவுகள் ஒரு விஷயமாகவே தெரிவதில்லை.

சரி, வாலைக் கண்டுபிடித்துவிட்டோம். அத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை.

வாலில் தெரிந்த ஊசிகளில் ஒரு பகுதி பொய். சுத்தியலை இயக்கும் மின்தேக்கி தன் மின்சாரத்தை ஒரேயடியாகக் கொட்டும்போது வயர்களுக்குள் புகுந்த மின் இரைச்சல் அது. இதைப் பிரித்தெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. அதே மாதிரி இன்னொரு கேஜை, அதே நீள வயரோடு, எதிலும் அழுத்தமாக ஒட்டாமல் தட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். நாங்கள் அதை ஊமை என்று கூப்பிட்டோம். ஊமை எதைப் பேசினாலும் அது இரைச்சல். முதல் நாளே ஊமை நன்றாகப் பேசியது. வயர்களை முறுக்கி, உறையைத் தரையோடு இணைத்து, கேஜின் வயர் சுருளின் வயருக்குக் குறுக்காக மட்டும் போகும்படி மாற்றிய பிறகுதான் அது வாய் மூடியது. எந்த அதிரடிச் சோதனையிலும் ஊமைக் கேஜ் இல்லாத தரவை நான் இப்போது நம்புவதில்லை, என்னுடையதாக இருந்தாலும்.

அடுத்தது, நாளுக்கு நாள் முடிவு மாறியது. திங்கட்கிழமை அந்தக் கொத்து 3 மில்லிவிநாடியில் வரும், புதன்கிழமை அதே வோல்டேஜில் 2இல். இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, காரணம் பாதரசத்தை ஊற்றும் விதத்தில் இருப்பது தெரிந்தது. பாதரசம் எஃகில் ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீர் என்பார்களே, அதேதான். தட்டின் நுண்ணிய கீறல்களுக்குள் அது இறங்காமல் மேலே பாலம் போட்டு நிற்கும், கீழே காற்று சிக்கிக்கொள்ளும். குமிழி பிறக்க அந்தக் காற்றுப்பொட்டு போதும், திரவத்தைக் கிழிக்கக்கூட வேண்டியதில்லை. வெளிக்காற்றில் ஊற்றினால் ஒரு நாள் ஐம்பது பொட்டு, இன்னொரு நாள் ஐந்நூறு. கிண்ணத்தை வெற்றிடமாக்கி, அந்த வெற்றிடத்துக்குள் பாதரசத்தை இறக்கத் தொடங்கிய பின் திங்களும் புதனும் ஒன்றாயின. அப்போதும் முதல் சில நூறு அடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, மிச்சமிருக்கிற காற்று அதற்குள் வெளியேறிவிடும்.

குழிகளை எப்படி அளப்பது? நான் முதலில் எடையைப் போட்டுப் பார்த்தேன். வீண் வேலை. 20 மைக்ரான் அகலம், 5 மைக்ரான் ஆழமுள்ள ஒரு குழியிலிருந்து போகும் எஃகு சுமார் 7 நானோகிராம். ஆயிரம் குழிகள் விழுந்தாலும் 7 மைக்ரோகிராம். சாதாரண ஆய்வகத் தராசுக்கு அது கண்ணிலேயே படாது, மூலையில் ஒட்டிக்கொண்ட ஒரு துளிப் பாதரசம் அதைவிட எத்தனையோ மடங்கு கனம். ஒருமுறை அடிபட்ட தட்டு அடிபடுவதற்கு முன்பைவிட எடை கூடியிருந்தது! பேசாமல் நுண்ணோக்கிப் படம் எடுத்து, குழிகள் மூடியிருக்கும் பரப்பின் விழுக்காட்டைக் கணக்கிடுங்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்க, தட்டின் ஓரத்தில் அடி படாத பகுதியில் முன்கூட்டியே இரண்டு கீறல் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் மொட்டைத் தட்டில் எது எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தரவு சேமிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 20 மில்லிவிநாடி, 50 லட்சம் மாதிரி என்றால் ஒரு அடிக்கு ஒரு லட்சம் புள்ளிகள். ஒரு நாள் முழுக்க ஓட்டினால் ஒரு கேஜுக்கே 17 ஜிகாபைட் ஆகிவிடும். முதல் ஆயிரம் அடியை முழுதாக எழுதிவிட்டு, பிறகு நூற்றுக்கு ஒன்றை மட்டும் முழுதாகவும், மற்றவற்றுக்கு வாலின் உயர் அதிர்வெண் ஆற்றலை ஒரே எண்ணாகவும் வைத்துக்கொண்டோம். போதுமானதாக இருந்தது.

கணினிக் கணக்கில் நான் விழுந்த குழி வேறு. பாதரசத்தை ஒரு நல்ல சுருள்வில் மாதிரி எழுதியிருந்தேன், அழுத்தினாலும் இழுத்தாலும் ஒரே கெட்டி. கணினிக்குள் சுவர் வெளியே போகத் தொடங்கியதுமே பாதரசம் அதைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டது. நிஜத்தில் சுவர் அதைவிட நிறைய தூரம் போய், மெதுவாகத் திரும்பி வந்தது. அளவீட்டில்தான் தப்பு என்று கேஜை இரண்டு தடவை பிய்த்து ஒட்டினேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். தப்பு கணக்கில். இழுவிசை ஒரு சிறிய வரம்பைத் தாண்டினால் திரவம் இனி இழுக்காது என்று ஒரு வரி சேர்த்ததும் இரண்டு கோடுகளும் நெருங்கி வந்தன. எஸ்.என்.எஸ் இலக்குப் பாத்திரம் எவ்வளவு நீண்டு நெளியும் என்று கணக்கிடுபவர்களும் இப்படி ஒரு வரம்பை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்குக் குமிழி என்றால் என்னவென்று தெரியாது என்பதை மறக்கக் கூடாது. அது சுவர் எவ்வளவு வளையும் என்று சொல்லும், எங்கே குழி விழும் என்று சொல்லாது.

பாதரசத்தைக் கையாள்வது பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். 20 டிகிரியில் மூடிய அறையில் பாதரச ஆவி நிறைந்துவிட்டால் கன மீட்டருக்கு 13 மில்லிகிராமைத் தொடும். வேலையிடத்துக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு 0.025. ஐந்நூறு மடங்கு. அதனால் வாயு உறிஞ்சி, ஆவி அளவி, கருவிக்கு அடியில் விளிம்புள்ள தட்டு இவை மூன்றும் இல்லாமல் ஒரு துளிகூட ஊற்றாதீர்கள். தங்க நகை இருந்தால் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள், பட்டால் பாதரசம் அதைத் தின்றுவிடும். சுத்தியல் அடிக்கும் கருவியில் திருகு தளரும், தளர்ந்த திருகு வழியே துளி சிதறும், சிதறிய துளி நூறாகப் பிரிந்து தரை இடுக்கில் போய் உட்காரும். எங்கள் அண்ணன் ஒவ்வொரு காலையும் திருகுகளின் மேல் போட்டிருந்த வெள்ளைக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவார்.

நிஜ இலக்குகளில் என்ன ஆயிற்று? எஸ்.என்.எஸ் முதல் இலக்கை 2009இல் கழற்றியபோது அதன் முகப்பிலிருந்து வட்ட வட்டமாகத் துண்டுகளை வெட்டியெடுத்துப் பார்த்தார்கள். கதிரியக்கம் கடுமையாக இருக்கும் என்பதால் எல்லாம் தொலைவிலிருந்து இயந்திரக் கைகளால்தான். முகப்பில் இரண்டு சுவர்கள் உண்டு, நடுவே பாதரசம் ஓடுகிற ஒடுக்கமான வழி. மொத்தப் பாதரசத்தைப் பார்த்து நிற்கும் உள்சுவர் மோசமாக அரிக்கப்பட்டிருந்தது. ஒடுக்கமான வழியைப் பார்த்த பக்கத்தில் சேதம் மிகக் குறைவு. ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில், குமிழி வளர இடமில்லாத இடத்தில், தாரைகள் சுவரைச் சரியாகக் குறிபார்க்க முடிவதில்லை. அடுத்தடுத்த வடிவமைப்புகளில் முகப்புச் சுவரை ஒட்டிப் பாதரசத்தை வேகமாக ஓடவிடும் யோசனைக்கு இந்த வகைக் கண்டறிதல்கள்தான் பலம் சேர்த்தன. சுவரின் மேற்பரப்பில் குறைந்த வெப்பநிலையில் கரியை ஏற்றிக் கெட்டியாக்குவதும் உண்டு. அது சேதத்தின் தொடக்கத்தைத் தள்ளிப்போடும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த மருந்து குமிழிதான். குமிழியால் வரும் நோய்க்குக் குமிழியே மருந்து. பாதரசத்துக்குள் ஹீலியத்தை நுண்குமிழிகளாகக் கலந்துவிட்டால், திரவம் விரிய வேண்டியபோது அவை சுருங்கி இடம் கொடுக்கும், அலை பயணிக்கும்போது அதன் ஆற்றலைச் சூடாகக் கரைக்கும், திரவம் இழுபடும்போது தாங்கள் விரிந்து அந்த வெற்றிடக் குமிழிகளை வளரவிடாமல் செய்யும். ஜே-பார்க்கில் பாதரசத்தைச் சுழலவிட்டுக் குமிழியை நொறுக்கும் அமைப்பை இலக்குக்குள்ளேயே வைத்தார்கள். எஸ்.என்.எஸ்ஸும் 2017இலிருந்து ஹீலியம் ஊட்டுகிறது.

குமிழி என்றால் எல்லாக் குமிழியும் ஆகாது. ஒரு குமிழி எவ்வளவு விரைவாகச் சுருங்கி விரியும் என்பது அதன் அளவைப் பொறுத்தது. வளிமண்டல அழுத்தத்தில் பாதரசத்தில் இருக்கும் ஹீலியக் குமிழிக்கு அதிர்வெண்ணையும் ஆரத்தையும் பெருக்கினால் சுமார் 1 மீட்டர்/விநாடி என்று வரும். 50 மைக்ரான் ஆரத்துக்கு 20 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுற்றுக்கு 50 மைக்ரோவிநாடி. அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழிக்கு அது 500 மைக்ரோவிநாடியாகிவிடும். அது திரும்பிப் பார்ப்பதற்குள் அலை போயே போயிருக்கும்.

எங்கள் கிண்ணத்தில் முதல் முயற்சி கேலிக்கூத்து. மெல்லிய ஊசி வழியே ஹீலியம் விட்டோம். தண்ணீரில் சோதித்தபோது பொடிப்பொடியாகக் குமிழி வந்த அதே ஊசி, பாதரசத்தில் பட்டாணி பட்டாணியாகக் கக்கியது. தண்ணீரைவிட ஏழு மடங்குக்கு நெருக்கமான பரப்பு இழுவிசை, ஊசியின் வாயில் குமிழியைப் பிடித்து வைத்துப் பெரிதாக்கிவிடுகிறது. அதுவும் ஒட்டாத பரப்பு என்பதால் ஊசியின் வெளி விளிம்பு வரை படர்ந்துவிட்டுத்தான் விடுபடும். பெரிய குமிழிகள் விறுவிறுவென்று மேலே ஏறி ஒன்றாகிக் கலைந்தன. அடியில் இருக்கும் தட்டுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, குழிகள் முன்போலவே. தண்ணீரில் செய்த குமிழிச் சோதனையை நம்பிப் பாதரசத்துக்குப் போகாதீர்கள். பாதரசம் கண்ணுக்கு ஊடுருவாது என்பதால் உள்ளே என்ன அளவில் குமிழி இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது, கண்ணாடிச் சுவரை ஒட்டி வருபவைதான் தெரியும். நாங்கள் கிண்ணத்தின் ஒரு பக்கம் தடித்த கண்ணாடி வைத்து, அதன் வழியே எடுத்த படங்களில் எண்ணிக்கொண்டோம்.

இதே அழுத்த அலையிலிருந்து முழுதாகத் தப்பிக்கிற வழியும் இருக்கிறது, துடிப்பை நீட்டிவிடுவது. ஸ்வீடனில் லுண்டில் கட்டப்படும் ஈ.எஸ்.எஸ் என்ற நியூட்ரான் நிலையத்தின் துடிப்பு 2.86 மில்லிவிநாடி. அதற்குள் பாதரசத்தில் ஒலி 4 மீட்டர் போய்விடும், திரவம் நிதானமாக விரிந்துகொள்ளும். அவர்கள் கடைசியில் பாதரசத்தையே விட்டுவிட்டு, சுழலும் டங்ஸ்டன் சக்கரத்துக்குப் போய்விட்டார்கள் என்பது வேறு கதை. சுவிட்சர்லாந்தில் 2006இல் மெகாபை சோதனையில் ஈய-பிஸ்மத் திரவ இலக்கு சில மாதங்கள் ஓடியது. அங்கே கற்றை துடிப்பே இல்லாமல் தொடர்ந்து பாயும், ஆகவே இந்தத் தலைவலி கிடையாது. ஆனால் குறுகிய துடிப்பு வேண்டும் என்று கேட்கும் ஆராய்ச்சிகளுக்கு இந்த ஆறுதல் எல்லாம் உதவாது.

கடைசியில் அண்ணன் கடைந்து கொடுத்த சிறு சுழல் குழாயில் பாதரசத்தையும் ஹீலியத்தையும் சேர்த்து ஓட்டி, தட்டுக்குப் பக்கவாட்டில் வந்து விழும்படி செய்தோம். கண்ணாடி வழியே தெரிந்தவற்றில் பெரும்பாலானவை 100 மைக்ரானுக்குள். பழைய வோல்டேஜ், பழைய அடி எண்ணிக்கை. முதல் அடியிலேயே அண்ணன் என்னைப் பார்த்தார். டொக். அவ்வளவுதான், பின்னால் எதுவும் இல்லை. வாலில் கொத்து இருந்த இடம் ஏறக்குறைய சமதரை.

40,000 அடிக்குப் பின் தட்டைக் கழற்றினேன். நடுப்பகுதி பளபளவென்று இருந்தது. ஆனால் குழாய் வாய்க்கு நேர் எதிர்ப்பக்கம், ஓரமாக, நகக்கண் அளவுக்கு ஒரு மங்கல். குமிழிகள் அந்த மூலைவரை போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. பழக்கதோஷத்தில் துணியை எடுத்து இரண்டு தடவை துடைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் நுண்ணோக்கிக்குக் கொண்டுபோனேன்.